அந்தோணி வாக்ஸ் லேம்லி

இன்று நான் பாடம் நடத்தும் வகுப்பில் ஒரு சிறுமி, "மேரி சிங்ஸ் ஸ்வீட்லி" என்று ஆங்கில வாக்கியம் சொன்னாள். என்னால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஆரணி மிஷன் பள்ளியில் படித்தபோது எனக்கு ஒன்பது வயது. ஆங்கிலத்தில் பெயர் முதலில், செயல் அடுத்து, எப்படி என்பது கடைசியில் வரும் என்று சொல்லி, டீச்சரம்மா ஒரு வாக்கியம் கேட்டார். பட்டு நெய்யும் என் அப்பா அந்தோணிக்கு ஒரு கால் சூம்பியிருக்கும். தோழிகளைச் சிரிக்கவைக்க, "அந்தோணி வாக்ஸ் லேம்லி" என்றேன். அந்தோணி நொண்டி நடக்கிறார். வகுப்பே சிரித்தது.

என்னை அழைத்துப்போக வந்த அப்பா வெளியே நின்றிருந்தார்.

"எம்பேரு காதுல வுழுந்துச்சே, இன்னாம்மா சொன்னே?"

"அந்தோணி நல்லா நெய்யிறாருன்னு சொன்னேன் நைனா."

வழியெல்லாம் என்னைச் சொல்லச் சொல்லி அந்த ஆங்கில வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வெள்ளைக்காரப் பாதிரியாரிடம் நொண்டி நொண்டிப் போய், "அந்தோணி வாக்ஸ் லேம்லி, சாமி. எம்பொண்ணு கத்துக்குடுத்துச்சு" என்றார். பாதிரியார் அவர் காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சாமி ஏம்மா ஒண்ணும் பேசாம நின்னுகினு இருந்தாரு?" என்று அப்பா வீட்டில் கேட்டார்.

"நீங்க அவ்ளோ நல்லா சொன்னீங்க நைனா."

சாகும்வரை, வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்காட்டினார். நான் ஒருமுறைகூடத் தடுக்கவில்லை.