போலிக் கருவியும் சரிகை அங்கியும்

அந்தக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தாலே நோஸிமாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். புகாராவுக்குப் பக்கத்துச் சிற்றூர் அருங்காட்சியகத்தில் அவள்தான் காப்பாளர். பெட்டிக்குள் இருப்பது உஸ்துர்லாப், நட்சத்திரத்தைப் பார்த்து நேரம் கணிக்கிற பித்தளைக் கருவி. அறுநூறு வருஷப் பழசு என்று வெளியே எழுதி வைத்திருக்கிறது. எழுதி வைக்கக் காசா பணமா! நட்சத்திர முட்கள் வானத்தில் இல்லாத இடங்களைக் காட்டுகின்றன. அளவுக் கோடுகள் ஒரு பக்கம் நெருக்கியடித்து, இன்னொரு பக்கம் காற்றாட நிற்கின்றன. தகடோ தொழிற்சாலையில் உருட்டியெடுத்தது. அதை நம்பினால் விடியற்காலைத் தொழுகைக்கு மத்தியானம்தான் போய்ச் சேரலாம். ஆனாலும் ஊர்க் கல்யாண ஜோடிகள் அதன் முன்னால் நின்றுதான் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

“போலிண்ணே, போலி! இன்னும் எத்தனை தடவை சொல்றது?”

“டீ ஆறுது, முதல்ல குடிம்மா,” என்பார் அருங்காட்சியக இயக்குநர் கஹ்ரமான். “பெரியவர் ஷரோஃப் குடுத்தது. இப்பப் போய் போலின்னு சொன்னா மனுசன் தெருவுல தலை காட்ட முடியுமா?”

அவள் இப்படிக் குடித்த டீயில் பருத்திக்காட்டுக்கே தண்ணீர் பாய்ச்சியிருக்கலாம். இப்போது அருங்காட்சியக விழாவுக்குத் தலைநகரிலிருந்து அதிகாரிகள் வருகிறார்கள். அவர்கள் முன்னால் கருவியைப் பற்றிப் பேசவேண்டியவள் அவள். பழைய கதையையே பேசினால் பொய் இனி அவளுடையதாகிவிடும். வேறு வழி தெரியாமல், கொடுத்தவரையே பார்க்கப் போனாள்.

ஷரோஃப் கிழவர் திராட்சைப் பந்தலடியில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அவள் மென்று விழுங்கி விஷயத்தைச் சொல்லி முடித்தாள்.

“தெரியுமே,” என்றார் அவர்.

“தெரியுமா!”

“சுவத்துல மாட்ட சந்தையில வாங்கினது. மியூசியம் தொறக்கிறோம், ஏதாச்சும் குடுங்கன்னாங்க. குடுத்தேன். பழசான்னு ஒருத்தனும் கேக்கல. நான் வாயத் தொறக்கிறதுக்குள்ள மேடையில ஏத்தி, மரியாதைன்னு சரிகை அங்கியைப் போத்திட்டானுங்க. சபை நடுவுல போத்தின அங்கி, மகளே. அதைத் தோள்ல வச்சுக்கிட்டு இது டூப்புன்னு சொல்ல வாய் வருமா?”

“அதுக்காக இத்தனை வருஷம் சும்மாவா இருப்பீங்க தாத்தா?” அவளுக்கு எரிச்சலில் குரல் உயர்ந்துவிட்டது.

“திட்டு, நல்லா திட்டு. ஒவ்வொரு நவ்ரூஸ் புதுவருஷத்துக்கும் பேரப்பிள்ளைங்க என்னை அங்க கூட்டிட்டுப் போயி, எங்க தாத்தா குடுத்ததுன்னு பெருமையடிக்குதுங்க. அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கறதில்ல. நீ சொல்லிடும்மா. என் பேரையும் சேத்தே சொல்லு. நான் போறதுக்குள்ள இந்தப் பாரம் இறங்கட்டும்.”

கிழவரே சம்மதித்துவிட்டார் என்று கஹ்ரமானிடம் சொன்னபோது, “அப்படியா, சரி, சொல்லேன்,” என்றார். அந்த மனிதர் இவ்வளவு சுலபமாகச் சரி என்றபோதே அவள் சுதாரித்திருக்க வேண்டும்.

விழா அன்று கூடம் நிறைந்திருந்தது. முற்றத்துப் பெரிய சட்டியிலிருந்து ஆட்டிறைச்சிச் சோற்றின் வாசனை உள்ளே வரை வந்தது. முன்வரிசையில் ஷரோஃப் கிழவர் தடியில் மோவாயை ஊன்றிக் காத்திருந்தார். நோஸிமா மைக்குக்கு முன்னால் வந்து தொண்டையைச் செருமினாள்.

“ஒரு நிமிஷம்!” என்று குறுக்கே வந்தார் கஹ்ரமான். “நம்ம பொக்கிஷத்தைக் கண்ணுக்குள்ள வச்சுக் காப்பாத்துற எங்க நோஸிமாவுக்கு!”

பின்னாலிருந்து இரண்டு பேர் சரிகை அங்கியைத் தூக்கி வந்து அவள் தோளில் போட்டார்கள். நீள ஊதுகுழல்கள் அலறின. கூடமே எழுந்து நெஞ்சில் கைவைத்து நின்றது. கூட்டத்தில் அவள் அம்மா முந்தாநாள் தைத்த புதுச் சட்டையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சொல், சொல்லித் தொலை, என்று நோஸிமா தன்னையே திட்டிக்கொண்டாள். வாயைத் திறந்தாள்.

“நன்றி,” என்றாள்.

கஹ்ரமான் மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல் வந்த கோபம்தான் பெரிதாக இருந்தது. மேடையிலிருந்து இறங்கியவளின் அங்கிக் கையைக் கிழவர் பிடித்து நிறுத்தினார். அவர் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

“கனமா இருக்கா, மகளே?” என்று கேட்டார்.