ஈரக்கைக்குப் பணியாத கண்ணாடி

எல்லாரும் சுகம்தானே மக்கா? உங்கள் பக்கம் மழையா, வெயிலா? லேப்டாப்பில் டீ கொட்டிவிட்டதாகப் போன தடவை ஒருத்தர் எழுதியிருந்தாரே, அது உயிர் பிழைத்ததா? நான் குளச்சலில் சுகம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். போனைப் பார்த்துப் பேசுவேன், அது எழுத்தாக்கிக்கொள்ளும், என் மனைவி ரோஸ் பிழை திருத்துவாள். புதுக் கருவிகளைத் திட்ட உட்காரும் முன் இந்த நன்றியைச் சொல்லிவிட வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை நாகர்கோவில் வழியாகப் பூதப்பாண்டி வரை போய்வந்தேன். காரணம் ரோஸின் அண்ணன் அந்தோணி. எனக்கு மச்சான், என் வயசுதான். வள்ளத்தில் போய்த் தூண்டில் போடுகிறவன். கடலுக்கு அடியில் பாறை கிடக்கிற இடங்களில்தான் கலவா மீனும் கணவாயும் நிற்கும். அந்த இடங்களையெல்லாம் பல வருடமாகக் கையடக்க ஜிபிஎஸ் ஒன்றில் குறித்து வைத்திருந்தான். வேறெங்கும் எழுதி வைக்கவில்லை. யாராவது பார்த்துவிட்டால்? எங்கள் கரையில் பாறை கிடக்கிற இடத்தைக் கூடப்பிறந்தவனுக்கே சொல்லமாட்டார்கள். அந்தக் கருவியின் திரை திடீரென்று செத்துப்போனது. பொத்தானை அமுக்கினால் பீப் என்கிறது, முகம் மட்டும் கறுப்பு. உள்ளே இருப்பது போனால் மச்சானுக்குக் கடலில் கண் போன மாதிரி.

பீப் வருகிறதென்றால் உயிர் இருக்கிறது என்று நான் நினைத்தேன். அதிலிருந்து குறிகளை இழுக்க இரண்டு சாமான் வேண்டும். ஒன்று, ஒன்பது ஊசி நீட்டி நிற்கும் பழைய சீரியல் போர்ட் உள்ள கம்ப்யூட்டர். அது என்னிடம் இருந்தது, பழைய சாமான் எடுக்கும் ஆக்கர்கடைக்குப் போட ரோஸ் நாள் பார்த்துக்கொண்டிருந்த தடியன் லேப்டாப். இன்னொன்று அதற்கான வயர். பழைய கம்ப்யூட்டர் பிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். பூதப்பாண்டியில் நிலம் அளக்கும் பகவதி அக்கா உடனே பதில் போட்டார்: "இருக்கு. ஆனா வெளிய குடுக்கமாட்டேன். இங்க வந்து வேலைய முடிச்சுக்கிடுங்க."

காலை எட்டு மணிக்குக் குளச்சலில் பஸ். இரணியல் தாண்டித் தக்கலைக்கு ஏறக்குறைய பன்னிரண்டு கிலோமீட்டர். லேப்டாப் என் மடியில், ஜிபிஎஸ் ஒரு சோற்று டப்பாவுக்குள் மச்சான் மடியில். மச்சானுக்குப் புது ஜிபிஎஸ் வாங்க நினைத்திருந்த நாகர்கோவில் கடை திறக்க நேரம் கிடந்ததால், தக்கலையில் இறங்கிப் பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஆட்டோ பிடித்தேன். இரண்டு கிலோமீட்டர், எண்பது ரூபாய். ஒன்பது மணிக்குத் திறக்கிறார்கள். திங்கட்கிழமை விடுமுறை, அன்றைக்குப் போய் நிற்காதீர்கள்.

அந்த அரண்மனைக் கதவுகளை நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தாழ்ப்பாள் எது, பிடி எது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம், கை தானாகப் போகும். முன்பு கம்ப்யூட்டர் திரையிலும் அப்படித்தான் இருந்தது. பொத்தான் பொத்தான் மாதிரியே புடைத்துக்கொண்டு நிற்கும். அப்புறம் எல்லாவற்றையும் தட்டையாக்கினார்கள், எது எழுத்து, எது பொத்தான் என்று தடவிப் பார்க்க வேண்டியதாயிற்று. இப்போது எல்லாம் கண்ணாடி மாதிரி. பின்னால் கிடக்கிற படமும் முன்னால் உள்ள எழுத்தும் கலந்து, மீன்குழம்புக்குள் கண்ணாடி விழுந்த மாதிரி தேட வேண்டும். லேப்டாப் பப்படம் மாதிரி மெலிந்துவிட்டது, பாட்டரியைப் பசை போட்டு ஒட்டிவிட்டார்கள். ஆனால் வேகம் வேகம்தான். எல்லாவற்றுக்கும் ஒரே சார்ஜர் என்று ஆனதும் நல்ல காரியம்.

"லேய் வில்லி," என்று என் பேரைச் சொல்லி அதட்டினான் மச்சான். "எனக்க உசிரு இந்த டப்பாக்குள்ள கெடக்கு. நீ கதவ பாத்துக்கிட்டு நிக்கியா?"

நாகர்கோவில் பதினைந்து கிலோமீட்டர். வள்ளத்துச் சாமான் விற்கும் கடையில் விற்பனையாளர் புது ஜிபிஎஸ் ஒன்றை எடுத்து வைத்தார். முழுக்கக் கண்ணாடி, ஒரு பொத்தான்கூட இல்லை. பார்க்க அழகுதான், பொய் சொல்லக்கூடாது.

மச்சான் குடிக்கத் தண்ணீர் கேட்டான். கொடுத்தார்கள். குடிக்கவில்லை, கையை உள்ளே முக்கி எடுத்து அப்படியே திரையில் வைத்தான். படம் விரிந்தது, சுருங்கியது, ஒரு ஓட்டம் ஓடியது.

"கண்டியா?" என்றான். "குளச்சல்ல நின்ன வள்ளம் ஆப்பிரிக்காவுக்கு போயிட்டு."

"கைய தொடச்சிட்டுத் தொடணும் அண்ணே."

"நடுக்கடல்ல எத வச்சி தொடைக்க? எனக்க துவர்த்தும் நனஞ்சில்லியா கெடக்கும்!"

தோளில் கிடந்த துண்டை உருவிக் காட்டினான். விற்பனையாளரே சிரித்துவிட்டார். பின் அலமாரியிலிருந்து பொத்தான் வைத்த ஒன்று வந்தது. கெட்டியான ரப்பர் பொத்தான், வெயிலில் தெரிகிற திரை. பதினேழாயிரத்து ஐந்நூறு ரூபாய். வாங்கினோம்.

பூதப்பாண்டிக்கு இன்னொரு பஸ், பத்து கிலோமீட்டருக்குள். இரண்டு பக்கமும் வயல். மச்சான் ஜன்னல் பக்கம் இருந்தும் டப்பாவைத்தான் பார்த்துக்கொண்டு வந்தான். "ஒண்ணும் இல்லன்னா என்ன செய்ய?" என்று ஒரே ஒரு தடவை கேட்டான்.

பகவதி அக்கா வீட்டில் வயரை மாட்டிக் குறிகளை இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. கழற்றி, ஊசியில் பிடித்திருந்த உப்பைச் சுரண்டி மாட்டினேன். வரவில்லை. மச்சான் முகத்தைப் பார்க்கப் பயந்து லேப்டாப்பையே பார்த்தேன்.

"வேகத்தக் கொறச்சுப் பாருங்க அண்ணாச்சி," என்றார் அக்கா. "கெழட்டுச் சாமான், நீங்க கேக்குற வேகத்துல பேசாது."

குறைத்தேன். ஒரு வரி வந்தது. அப்புறம் மளமளவென்று திரை முழுக்க வந்தது. மச்சான் எம்பி வந்து தன் துவர்த்தால் திரையை மூடினான்.

"நான் வயல் அளக்குறவ," அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எனக்குக் கடல்ல என்ன சோலி?"

துண்டுக்கு அடியில் தலையை விட்டு நானும் அவனும் பார்த்தோம். அவ்வளவும் இருந்தது. மச்சான் விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினான். ஒவ்வொரு பாறைக்கும் சொந்தக்காரப் பெண் ஒருத்தியின் பேர் வைத்திருந்தான். நடுவில் ஒரு இடத்தில் என் பேர்.

"இது என்னத்துக்குலே?"

"அங்க தூண்டில் போட்டா கொழுக்கி திரும்ப வராது. பிடிச்சா விடாது, ஒன்ன மாதிரி."

புதுக் கருவிக்குள் எல்லாவற்றையும் ஏற்றினேன். லேப்டாப்பில் இருப்பதை அழிக்கப் போனபோது என் கையைப் பிடித்தான்.

"அதுலயும் ஒண்ணு கெடக்கட்டு. வள்ளத்துல ஏறுனாலே வாந்தி எடுக்கவன், ஒன்ன என்னத்துக்கு நான் பயப்பட?"

கூடப்பிறந்தவனுக்குத் தராததை எனக்குத் தந்தான். ரோஸ் இப்போது ஆக்கர்கடைப் பேச்சே எடுப்பதில்லை.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கருவி வாங்கப் போனால், அதை எந்தக் கையால் பிடிப்பீர்களோ அந்தக் கையோடு போங்கள். மாவுக்கையோ ஈரக்கையோ, கடையிலேயே தொட்டுப் பாருங்கள். பழைய வயரைத் தூக்கிப் போடாதீர்கள். முக்கியமானதை இரண்டு இடத்தில் வையுங்கள்.

இன்று விடியுமுன் மச்சான் புதுக் கருவியோடு முதல் தடவையாகக் கடலுக்குப் போயிருக்கிறான். குறிகள் வந்துவிட்டன, சரி. பாறை கிடக்கிற இடத்தில்தான் நிற்கின்றனவா என்பது வள்ளம் வந்தால்தான் தெரியும். ரோஸ் எனக்குப் பிழை திருத்தாமல் கரையையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள், நான் மட்டும் போனைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறேன். அப்புறம் இந்தத் தொடுதிரை விஷயத்தில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கடையில் கேட்க வேண்டியது என்னவென்றால், அதன் வெளிச்சத்தைக் கூட்ட

"இஞ்ச வாருங்க! அண்ணனுக்க வள்ளம் வந்தாச்சு! எல்லாம் கலவா, பெட்டி காணாது, இன்னும் வேணும், ஓடி வாருங்க!"

வந்துட்டேன் ரோஸ், அந்தச் சிவப்புப் பெட்டி எங்கே, கொல்லையில்