சி.ஐ.டி. அக்காவின் திருடன்

பூட்டைப் பூட்டி இழுத்துப் பார்த்தாயிற்று. பாதிப் படி இறங்கிய அக்கா மறுபடி ஏறி வந்து இன்னொரு தடவை இழுக்கிறார். "இப்பதானே அக்கா இழுத்தீங்க?" என்றால், "அது அப்போ" என்பார். சோதனைக்கூடத்துச் சாவியை அவர் வேறொருவர் கையில் கொடுத்து நான் பார்த்ததில்லை.

எங்கள் சின்ன நிறுவனம் ஒரு செயற்கைக்கோளுக்கு மின்னணுப் பலகை செய்கிறது. சாமான் வாங்குவது என் வேலை. வாங்கியதைச் சந்தேகப்படுவது அக்காவின் வேலை. முதுகுக்குப் பின்னால் அவருக்கு சி.ஐ.டி. அக்கா என்று பெயர். நேரில் வெறும் அக்கா.

காய்கறிக் கடைத் தராசில் முதலில் தன் கைபேசியை வைப்பார். அதன் எடை அவருக்குத் தெரியும். தராசு அதைச் சரியாகச் சொன்னால்தான் தக்காளி ஏறும். "கல்யாணம் பேசினப்பவே என் சர்டிஃபிகேட்டை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தவ இவ" என்று அவர் கணவர் ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார். அக்கா சிரிக்கவில்லை. "ஒரு கையெழுத்து இன்னும் எனக்கு இடிக்குது" என்றார்.

இந்த முறை அவரிடம் மாட்டியது நான் வாங்கிய சிப். கடையில் சாதாரணமாகக் கிடைப்பது. என்ன வேலை செய்ய வேண்டும் என்று நாமே அதற்குச் சொல்லிக்கொடுக்கலாம். விண்வெளிக்கென்றே செய்த சிப்புக்குக் காத்திருந்தால் ராக்கெட் எங்களை விட்டுவிட்டுப் போய்விடும். கடைச் சரக்கே போதும் என்று முதலாளியிடம் அடித்துச் சொன்னவன் நான். அது தோற்றால் என் வேலையும் போகும்.

"மேல போய்க் கதிர்வீச்சு பட்டா, சொல்லிக்கொடுத்ததை இது மறந்துடும் தம்பி. அப்புறம் யாரு ஏணி போட்டு ஏறி, ஆஃப் பண்ணி ஆன் பண்றது?"

பெட்டியின் சீல் உடையவே இல்லை என்று காட்டினேன்.

"சீல் போடத் தெரிஞ்சவனுக்குச் சரக்கை மாத்தத் தெரியாதா?"

எக்ஸ்ரே எடுத்தார். பழைய பெயரை அழித்துப் புதுப்பெயர் அச்சிட்டிருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் தேடினார். எதுவும் சிக்காததில் அவருக்கு ஏமாற்றம்தான்.

பிறகு, விண்வெளியில் படுவது போலவே சிப்பின் மேல் கதிர் பாய்ச்சிப் பார்க்கும் கூடத்துக்குப் போனோம். நெடுநேரம் பாய்ச்சியும் திரையில் பிழை எண்ணிக்கை பூஜ்யத்திலேயே நின்றது. நான் குதிக்காத குறை. முதலாளிக்குப் போன் போட்டேன். அவர் போனிலேயே கை தட்டினார். அக்காவுக்கு மட்டும் முகம் இருண்டுவிட்டது.

"ஒரு தப்புகூட இல்லையா? இது கடைச் சரக்கா, கடவுளா?"

எனக்குக் கோபம் வந்தது. தோற்றாலும் சந்தேகம், ஜெயித்தாலும் சந்தேகம் என்றால் மனிதன் என்னதான் செய்வது? அக்கா கைப்பையைத் திறந்து இன்னொரு சிப்பை எடுத்தார். பழைய சோதனையில் கெட்டுப்போனது; தப்பு விடைதான் சொல்லும். அடையாளத்துக்கு நகப்பூச்சில் ஒரு சிவப்புப் புள்ளி. அதற்கு அவர் வைத்த பெயர் திருடன். என் சிப்பைக் கழற்றிவிட்டு அதை மாட்டினார். பிழை எண்ணிக்கை அப்போதும் பூஜ்யம்.

"பாத்தியா? திருடனைப் பக்கத்துல வச்சுக்கிட்டே ஊர்ல களவே இல்லைங்குது இந்தப் போலீஸ்."

கோளாறு, பிழையை எண்ணும் எங்கள் புரோகிராமில் இருந்தது. சிப் சொன்ன விடையைச் சரியான விடையோடு ஒப்பிடாமல், சிப் சொன்னதோடேயே ஒப்பிட்டுக்கொண்டிருந்தது. மாணவனே தன் தாளைத் திருத்திக்கொண்ட கதை. முதலாளிக்குத் திரும்பப் போன் செய்ய எனக்கு வெட்கமாக இருந்தது.

புரோகிராமைத் திருத்தியதும் எங்களோடு வந்திருந்தவர்கள் எல்லோரும் என் சிப்பை மாட்டப் பறந்தார்கள். "இருங்க" என்றேன். "அக்கா, முதல்ல திருடனை வைங்க."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். திருடனை வைத்தார். எண்கள் விறுவிறுவென்று ஏறின.

அடுத்து என் சிப். அது மறந்தது, சேமித்து வைத்த நகலைப் பார்த்துத் தானே திருத்திக்கொண்டது. சில தடவை அப்படியே உறைந்தும் போனது. மின்சாரத்தை நிறுத்திக் கொடுத்ததும் எழுந்துகொண்டது. அக்கா அறிக்கை எழுதினார்: சிப் போகலாம்; உறைந்தால் தானாகவே நிறுத்தி இயக்க ஒரு காவல் மின்சுற்றும் கூடவே போக வேண்டும்.

"ஏணியையும் சேத்து அனுப்பறோம், அவ்வளவுதான்" என்றார்.

அன்று மாலை சோதனைக்கூடத்து விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தவர், சாவியை என்னிடம் நீட்டினார்.

"நீயே பூட்டு தம்பி."

பூட்டினேன். இழுத்துப் பார்த்தேன். அக்கா பாதிப் படியில் நின்றார். படிக்கட்டின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். பிறகு, திரும்பாமலேயே இறங்கிப் போனார்.