நங்கூரத்துக்குக் கீழே வெளிச்சவீடு

மெசின் குணம் செத்துப்போனானாம். காலமை ஓட்டோவில் ஸ்பீக்கர் கட்டி அறிவித்துக்கொண்டு போனார்கள்.

எழுத்து எனக்கு வராது. போனுக்குச் சொல்கிறேன், அது எழுதுகிறது. எழுத்தில் பிழை இருந்தால் போனைத் திட்டுங்கள்... விசயத்தில் பிழை இராது.

எல்லோரும் பேஸ்புக்கில் அவன் படத்தைப் போட்டு "எங்கள் கரையின் விஞ்ஞானி" என்கிறீர்களாம். சரி. நானும் ஒன்று போடுகிறேன்.

குணம் ரேடியோ, ரீவி திருத்துகிறவன். ஒரு வள்ளமும் வைத்திருந்தான். எங்கள் மீனவர் சங்கத் தேர்தலில் வாக்குத் துண்டு எண்ணும்போதெல்லாம் அடிபாடு. அதற்காகத்தான் வாக்குப் போடுகிற மெசின் ஒன்று செய்தான்.

தகரப் பெட்டி. படத்துக்குப் பக்கத்தில் பட்டன். அமத்தினால் சின்ன லைட் எரியும். என்னைப் போன்ற கைநாட்டுக்காரருக்கு நல்ல சாமான்தான், பொய் சொல்லக்கூடாது.

அந்த முறை தலைவர் பதவிக்கு இரண்டு பேர். மெசின் செய்தவனே தேர்தலிலும் நின்றான். அவன் சின்னம் நங்கூரம், என் சின்னம் வெளிச்சவீடு. நங்கூரம் மேலே... வெளிச்சவீடு அதற்குக் கீழே.

முதல்நாள் எல்லோரையும் கூப்பிட்டு மெசினைப் பழக்கினார்கள். நான் பெருவிரலால் வெளிச்சவீட்டை அமத்தினேன். எரிந்தது நங்கூரம்.

திரும்ப அமத்தினேன். திரும்பவும் நங்கூரம்.

பட்டன் இரண்டும் அவ்வளவு கிட்ட. வலை இழுத்துத் தடித்த விரல் இரண்டிலும் ஏறும். மேல் பட்டனின் ஸ்பிரிங் இளக்கம், அதுதான் முந்திப் பிடிக்கும்.

"குணம், உந்தப் பட்டனைக் கொஞ்சம் தள்ளிப் பூட்டு. இல்லாட்டி நடுவிலை ஒரு தடுப்பு வை. சைக்கிள் ரியூப் துண்டு போதும்."

"அண்ணை, மெசினிலை பிழை இல்லை. உங்கடை விரலிலைதான் பிழை."

சங்கமே சிரித்தது.

"அப்ப விரலைச் சீவிப்போட்டு வரட்டோ?"

"நுனி விரலாலை தொடுங்கோ அண்ணை. பொம்பிளையள் பொட்டு வைக்கிற மாதிரி."

அதற்கும் சிரிப்பு...

மறுநாள் வாக்கு. வலை இழுக்கிறவர்கள் எல்லோரும் என்னுடைய ஆட்கள். ஒருவர் பின் ஒருவராக வெளியே வந்து என் காதில் சொன்னது ஒரே கதை.

"உங்கடையைத்தான் அமத்தினனான் அண்ணை. மேலைதான் எரிஞ்சது."

ஒருமுறை எரிந்தால் முடிந்தது, மாற்ற ஏலாது. நான் தோற்றேன்.

அடுத்த தேர்தலுக்கு முதல் குணம் மெசினுக்குப் புது மூடி போட்டான். பட்டன்கள் தள்ளித் தள்ளி. நடுவில் ரப்பர் தடுப்பு... சைக்கிள் ரியூப் துண்டுதான்!

"மெசினை இன்னும் வடிவாக்கியிருக்கிறன்" என்று மைக்கில் சொன்னான். பொன்னாடை போர்த்தினார்கள்.

வடிவாக்கினானாம்.

பழைய மூடியைக் குப்பையில் எறிந்தான். நான் எடுத்துவந்து தெருவைப் பார்த்த என் மீன்வாடிக் கொட்டில் சுவரில் ஆணி அடித்து மாட்டினேன். அவன் சங்கத்துக்குப் போக வேறு வழி இல்லை.

ஒருநாள் சைக்கிளை நிறுத்தினான்.

"அண்ணை, உந்த மூடியை எவ்வளவு காலத்துக்கு வைச்சிருக்கப்போறியள்?"

"என்ரை விரலிலை பிழை இல்லையெண்டு நீ சொல்லுமட்டும்."

பெல்லை அடித்துக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு அந்த இடம் வந்தால் முகத்தைக் கடல் பக்கம் திருப்புவான். சாகும்வரை அப்படித்தான் போனான்.

இன்றைக்கு மத்தியானம் அவன் மகன் வந்தான்.

"பெரியப்பா, நாளைக்கு அப்பாவை இந்த வழியாலைதான் கொண்டுபோறது. உந்த மூடியைக் கழட்டிவிடுங்கோவன்."

"கொப்பர் கடைசியிலை எனக்கு ஏதும் சொல்லிவிட்டவரோ?"

"இல்லைப் பெரியப்பா."

"அப்ப போயிட்டு வா தம்பி."

செத்தவீடு என்றால் எங்கள் கரையில் ஒருவரும் தொழிலுக்குப் போவதில்லை. நாளை என் வள்ளமும் போகாது. முறை முறைதான்.

மூடி அங்கேயே இருக்கும்.

உப்புப் பிடித்துப் படங்கள் மங்கிக் கிடந்தன. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டேன். இப்போது தெருவில் நின்று பார்த்தாலே நங்கூரமும் தெரிகிறது, வெளிச்சவீடும் தெரிகிறது.

போய் வா குணம்... நாளைக்கு உன்னால் கடல் பக்கம் திரும்ப ஏலாது.