முகத்துக்கா, கண்ணாடிக்கா?

டாக்ஸி ஓட்டுகிறவர்கள் என் வீட்டுக்காரருக்கு வைத்திருக்கும் பெயர் 'நிதானம்'. பச்சை விளக்கு விழுந்த பிறகும் அது நிஜமாகவே பச்சைதானா என்று ஒரு தடவை யோசித்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். வீட்டிலும் அப்படித்தான். குழாய் ஒழுகுகிறது என்று சொன்னால், முதலில் அதன் எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அது ஒழுகுகிற அழகைப் பார்ப்பார். பிறகு நீல நைலான் கயிற்றை எடுத்து வந்து ஏழெட்டு முடிச்சுப் போட்டுக் கட்டுவார். எங்கள் வீட்டில் அந்தக் கயிற்றின் தயவில்லாமல் நிற்பது நான் ஒருத்திதான்.

பகலில் அவர் ஓட்டுகிற வண்டியை ராத்திரியில் என் தம்பி ஓட்டுகிறான். அவன் இவருக்கு நேர் எதிர். எதிலும் அவசரம். ஏதாவது உடைந்தால் கறுப்பு டேப்பை நாலு சுற்றுச் சுற்றிவிட்டு, ஒட்டியதா இல்லையா என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடுவான். இப்படி இரண்டு பேருக்கு ஒரே வண்டி. இருந்தாலும் மாமனும் மச்சானும் நன்றாகத்தான் இருந்தார்கள்.

ஒருநாள் மற்ற டிரைவர்கள் நடுவில் என் தம்பி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "எங்க மாமா வண்டியில ஏறினா, இறங்கறதுக்குள்ள தாடி வளர்ந்துடும்" என்றிருக்கிறான். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அது கை, கால், மூக்கு எல்லாம் வைத்து இவர் காதுக்கு வந்து சேர்ந்தது. அன்றோடு பேச்சு நின்றது. இவர் நிதானமாகக் கோபப்படுகிறவர், அதனால் கோபம் தீர்வதற்கும் நாளாகும். அவனோ மன்னிப்புக் கேட்பதற்கு மட்டும் அவசரப்பட மாட்டான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த மத்தளம் நான்.

இப்படியே போய், தம்பி வேறு ஊரில் சாமான் கொண்டுபோகிற வண்டிக்கு டிரைவராக வேலை தேடிக்கொண்டான். அடுத்த மாதம் கிளம்புகிறேன் என்றான். அப்பா அம்மா போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருப்பது அவன் ஒருத்தன்தான். அவன் போய்விடுவானே என்கிற பயத்தில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் "இருடா" என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. சொல்ல வேண்டியவர் சொல்ல வேண்டும். அவர்தான் நிதானமாயிற்றே.

இந்த நேரம் பார்த்து வண்டியில் ஏசி மக்கர் செய்தது.

"காத்து ஜில்லுனுதான் வருது. ஆனா வர வேண்டிய எடத்துல வரல" என்றார் இவர். அவர் தினமும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிற கண் டாக்டரம்மா, காலில் ஐஸ் வைத்த மாதிரி இருக்கிறது, முகத்தில் வேர்வை வழிகிறது என்று சொன்னார்களாம். வண்டியின் முன்பக்கத்தில் ஒரு திருகு இருக்கிறது. முகம், கால், முன்கண்ணாடி என்று அதைச் சுற்றி மூன்று படம். எந்தப் படத்துக்குத் திருப்பினாலும் காற்று தன் இஷ்டத்துக்குத்தான் வந்தது.

"மெக்கானிக்கிட்ட காட்டுங்களேன்" என்றேன்.

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார். அவர் பார்ப்பது எனக்குத் தெரியாதா?

தம்பியைக் கேட்டேன். "உன் வீட்டுக்காரரையே கேளுக்கா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இரண்டு பேரும் எதையோ மறைக்கிறார்கள் என்று தோன்றியது. வண்டி கைமாறுகிற நேரத்தில், சாயங்காலம், அது எங்கள் வாசலில் சும்மா நிற்கும். இவர் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவன் வண்டிக்குள் எதையோ குடைந்துவிட்டு வந்து, கூடத்துக் கண்ணாடி முன்னால் நின்று தலை சீவிக்கொண்டிருந்தான். நான் சாவியையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு போய், ஏசியைப் போட்டுவிட்டு, முன் சீட்டில் குறுக்கே படுத்து, டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்தேன். அங்கே ஏசிப் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கை துருத்திக்கொண்டிருந்தது. அதை ஆட்டிப் பார்த்தேன். இப்படித் தள்ளினால் காற்று முகத்துக்கு வந்தது, அப்படித் தள்ளினால் கண்ணாடிக்குப் போனது, நடுவில் விட்டால் காலில் விழுந்தது. அதன் ஒரு பக்கம் அறுபட்ட நீலக் கயிறு, முடிச்சு முடிச்சாக. மறுபக்கம் பிய்த்தெடுத்த கறுப்பு டேப், பிசுபிசுவென்று. எனக்கு மெக்கானிக் வேலை தெரியாது. ஆனால் அந்த முடிச்சோடும் அந்த டேப்போடும்தான் நான் குடும்பம் நடத்துகிறேன்.

"ரெண்டு பேரும் வெளிய வாங்க!" என்று கத்தினேன். வந்தார்கள். "என்ன கூத்து இது?"

இவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "காத்து முகத்துக்கு வரணும்னு நான் கட்டறேன். மறுநாள் காலையில பாத்தா அறுத்துப் போட்டிருக்கு. வீம்புக்குப் பண்ண வேணாம்னு அவன்கிட்ட சொல்லு." அவன் கையெட்டும் தூரத்தில்தான் நின்றான்.

அவனும் என்னைப் பார்த்தே சொன்னான்: "நான் கண்ணாடிக்குத் திருப்பி ஒட்டறேன்க்கா. சாயங்காலம் வந்து பாத்தா பிச்சு எறிஞ்சிருக்கு. வீம்பு யாருக்குன்னு கேளு."

"கண்ணாடிக்கு எதுக்காம் காத்து? அதுக்கு வேர்க்குதாமா?" என்றார் இவர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை.

"மழை பேஞ்சா ராத்திரி கண்ணாடி உள்பக்கம் மங்கிடுதுக்கா. எதிர்ல வர்ற லைட்டு தெரியும், ரோடு தெரியாது. ஒரு கையால தொடச்சுக்கிட்டே ஓட்டறேன். அன்னைக்குப் பாலத்துக்கிட்ட..." என்றவன் நிறுத்திக்கொண்டான்.

தம்பி வண்டிக்கு வந்த நாளிலிருந்து இவர் ராத்திரியில் ஓட்டியதே இல்லை, அதனால் இவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. முகம் வெளுத்துப்போய் நின்றார். அதற்காக நான் விட்டுவிடவில்லை. "உங்க முடிச்சு என் தம்பி உயிரை வாங்கியிருக்கும்" என்றேன். அவனையும் விடவில்லை. "ஊரெல்லாம் பேசற வாய்க்கு இதைச் சொல்ல வரலையாடா?"

இவர் என் கையிலிருந்த டார்ச்சை வாங்கினார். தொப்பையை எக்கிக்கொண்டு டாஷ்போர்டுக்கு அடியில் நுழைந்தார். உள்ளேயிருந்து குரல் வந்தது: "திருகை முகத்துக்குத் திருப்பச் சொல்லு."

நான் புடவையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினேன்.

"சொன்னியா?"

"எனக்கு அடுப்புல வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்து, கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

உள்ளே இருப்பவருக்குத் திருகு எட்டாது. திருகுக்குப் பக்கத்தில் இருப்பவனுக்கு உள்ளே நடப்பது தெரியாது.

"மாப்ள, முகத்துக்குத் திருப்பு."

"திருப்பிட்டேன்."

"இப்ப கண்ணாடிக்கு. டிக் டிக்னு சத்தம் கேக்குதா?"

"கேக்குது மாமா."

"இந்தக் கையை ஆட்டற மோட்டார் சுத்துது, கை அசையல. உள்ள பல்லு தேஞ்சிருக்கு."

"நான் அப்பவே மோட்டாராத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

"நெனச்சவன் சொல்லணும்ல?"

"நீங்கதான் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டீங்களே."

"தாடி வளரும்னு சொன்னா, தூக்கி வெச்சுக்காம இறக்கி வெச்சுக்குவாங்களா?"

"தப்புதான் மாமா" என்றான் அவன். மெதுவாகத்தான் சொன்னான், எனக்குக் கேட்டுவிட்டது.

இவர் தலையெல்லாம் தூசியாக வெளியே வந்தார். கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார். பிறகு அவன் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"புது மோட்டார் போடணும். ஆனா நீ ஊருக்குப் போறதா இருந்தா வேண்டாம். பகல்ல எனக்குக் கண்ணாடி மங்கறதில்ல, இழுத்துக் கட்டிட்டு ஓட்டிக்குவேன். ராத்திரிக்கு நீ இருந்தாத்தான் மோட்டார் வேணும். வாங்கவா, வேண்டாமா?"

எதற்கும் அவசரப்படாத மனுஷர் ஒரே மூச்சில் கேட்டுவிட்டார். எதற்கும் அவசரப்படுகிற என் தம்பியோ அந்தத் திருகையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"வாங்குங்க மாமா" என்றான்.