ஆசிரியர் பெயர் என்ற கட்டம்

எங்கள் கல்லூரித் துறை நடத்தும் தமிழ் அறிவியல் இதழுக்கு நெறிமுறை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. விழுந்தது என்பது பொய். நானே போய் வாங்கிக்கொண்டேன். "இங்கிலீஷ்ல இருக்கறத அப்டியே ஒட்டிடுங்க சார், யாரு படிக்கப் போறா" என்றார் துறைத்தலைவர். எனக்குச் சுருக்கென்றது. தமிழ் இதழுக்கு இங்கிலீஷில் நெறிமுறையா? கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குத் தினமும் போகிற பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு, ஆலப்பாக்கத்தில் ஒரு விதி, பி.முட்லூரில் ஒரு விதி என்று மொழிபெயர்த்து முடித்தேன்.

இதழை இணையத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம் என்ற விதியைப் பார்த்ததும் துறைத்தலைவருக்கு முகம் வாடிவிட்டது.

"அப்போ நாம எழுதறது எல்லாருக்கும் தெரிஞ்சிடுமே சார்?"

"தெரியணும்னுதான சார் இதழே போடறோம்."

"அப்டியா?" என்றார். அன்று முழுக்க அவர் சரியாகப் பேசவில்லை.

கட்டுரை அனுப்புகிறவர்கள் நிரப்ப வேண்டிய படிவத்தையும் நானே தயாரித்தேன். எழுதியவர் பெயருக்கு ஒரு கட்டம், அவர் என்ன பங்களித்தார் என்று பக்கத்தில் இன்னொரு கட்டம். 'கட்டுரை ஆசிரியர்' என்று போட்டால் கட்டத்துக்குள் அடங்கவில்லை. வெறுமே 'ஆசிரியர் பெயர்' என்று சுருக்கினேன். நல்ல தமிழ், அளவான தமிழ் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

முதலில் வந்தது எங்கள் துறை ஆய்வு மாணவியின் கட்டுரை. பண்ருட்டிப் பக்கத்துப் பெண். முந்திரிப் பூவைக் கருக்குகிற பூச்சியைப் பற்றி எழுதியிருந்தாள். இரண்டு பூப்பருவம் தோப்பு தோப்பாக அலைந்து, கிளை கிளையாகப் பூச்சி எண்ணியவள். படிவத்தில் முதலில் துறைத்தலைவர் பெயர் இருந்தது, பங்களிப்பு: வழிகாட்டினார். இரண்டாவது நான், ஊக்கமளித்தார். மற்ற இரண்டு ஆசிரியர்களும் ஆசி வழங்கியிருந்தார்கள். என் பெயர் அதில் இருந்தது எனக்கு வியப்பாகவே இல்லை. இரண்டாவதாக இருந்ததுதான் லேசாக உறுத்தியது. பதவி உயர்வுக்கு எனக்கு ஒரு கட்டுரை குறைவாக இருந்தது, அது நிறைந்தது. காற்புள்ளிகளைத் திருத்தி வெளியிட்டுவிட்டேன்.

அடுத்த மாதம் அவள் அழுதுகொண்டு வந்து நின்றாள். ஆய்வேட்டை வாங்குகிற அலுவலகத்தில் திருப்பிவிட்டார்களாம். முதல் பெயராக ஒரு கட்டுரையாவது வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் காட்டாவிட்டால் பதிவு போய்விடும்.

"ஏம்மா, அந்தக் கட்டுரையில உன் பேரு எங்க?"

"கடைசியில இருக்கு சார், நன்றியில."

"நன்றியிலயா? உனக்கு நீயே நன்றி சொல்லிக்கிட்டியா?"

"நீங்க நாலு பேரும் எனக்குச் சொல்ற மாதிரி எழுதினேன் சார். ஃபார்ம்ல ஆசிரியர் பேருன்னு இருந்துச்சு. நம்ம டிபார்ட்மென்ட்ல நாலு ஆசிரியருங்கதான? நான் ஸ்டூடன்ட்தான சார்?"

"அறிவிருக்கா உனக்கு!" என்று கத்தினேன். கத்திவிட்டுப் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். அறிவு யாருக்கு இல்லை என்பது அதில் கொட்டை எழுத்தில் இருந்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதைதான், ஆனால் சூனியம் பிடித்தது அவளை. எனக்கு வெட்கமாக இருந்தது.

திருத்தம் போட்டுவிடலாம் என்று பார்த்தால் அங்கேயும் என் விதிதான் குறுக்கே படுத்திருந்தது: பெயர் வரிசையை மாற்ற, ஆசிரியர்கள் எல்லாரும் கையெழுத்திட வேண்டும். கடிதத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஒருவர் கேன்டீனில் வடை தின்றபடியே, எதற்கு என்று கேட்காமல் போட்டார். இன்னொருவர் நிஜமாகவே திகைத்துப்போனார். "அந்தக் கட்டுரைய நான் எழுதினேனா? எப்ப சார்?" என்று கேட்டு, பயந்துபோய் இரண்டு இடத்தில் போட்டார்.

துறைத்தலைவர் நிதானமாகப் படித்தார். "அந்தப் பொண்ணு முதல்லன்னா நான் எங்க போறது?"

"ரெண்டாவது சார். நான் மூணாவதுக்குப் போயிடறேன்."

"என்னை எறக்கினா ஏதோ தப்பு பண்ணிட்டேன்னு நெனைக்க மாட்டாங்களா? சரி, ஒண்ணு கேக்கறேன். அந்தத் தோப்பை நீங்க பாத்திருக்கீங்களா?"

"இல்ல சார்."

"நானும் பாத்ததில்ல. ஆனா நான் கைடு, இருந்துட்டுப் போறேன். நீங்க எதுக்கு இருக்கீங்க? நெறிமுறை எழுதினதே நீங்கதான? உங்க பேர அடிங்க, நான் எறங்கறேன்."

ஊருக்கு உபதேசம் எழுதிய பேனா சட்டைப்பையில்தான் இருந்தது. எடுக்க மனசு வரவில்லை. பதவி உயர்வு, சம்பளம், அறை வாசலில் மாட்டப்போகும் புதுப் பலகை எல்லாம் கண்முன் வந்து போயின. வயிறு எரிந்தது, உள்ளதைச் சொல்கிறேன். வேறு வழியில்லாமல்தான் அடித்தேன். நான் அடித்து முடிக்கிறவரை காத்திருந்து அவரும் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வராந்தாவில் நின்றிருந்தவளிடம் கடிதத்தை நீட்டினேன். முதல் வரியில் இருந்த தன் பெயரை அவள் பார்க்கவே இல்லை. அடித்திருந்த பெயரைத்தான் பார்த்தாள்.

"ஐயோ சார், உங்க பேர அடிச்சிருக்கு. எம்மேல கோவமா சார்?"

"கோவமெல்லாம் இல்லம்மா. அந்த வேலைய நான் செய்யல, அதான்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்கு ஆறுதல் சொல்கிற குரலில் சொன்னாள்:

"அதுக்கா சார் அடிச்சீங்க? யாருமேதான் செய்யல."