பாலத்தடியில் தள்ளுப்போட்டி

சோலாஞ்ஜின் முடிவெட்டும் கடை பாலத்தை ஒட்டி இருந்தது. கத்தரிக்கோலின் வேகத்துக்கு அவள் வாயும் ஓடும். ஊரில் அவள் கேலிக்குத் தப்பியவர்கள் கிடையாது. கடைச் சன்னலுக்குக் கீழே பாப்ளர் மரங்களுக்கு நடுவே நெளிந்து போகும் ஆறுகூடத் தப்பவில்லை. "இதெல்லாம் ஒரு ஆறா? வாத்து நடந்தே அக்கரைக்குப் போயிடும்" என்பாள். ஆனால் ஐம்பது வயதைத் தாண்டியும் அதில் காலை நனைத்ததில்லை. அவளுக்குத் தண்ணீர் என்றால் பயம். இது கணவன் ஆன்செல்முக்கு மட்டுமே தெரியும்.

ஜூலைத் திருவிழாவில் ஆற்றில் தள்ளுப்போட்டி நடக்கும். இரண்டு படகுகள் எதிரெதிராக வர, நுனிப் பலகையில் நிற்பவர்கள் நீளக் கழியால் ஒருவரையொருவர் தள்ளிவிட வேண்டும். ஆன்செல்ம் வருஷம் தவறாமல் நிற்பான், வருஷம் தவறாமல் விழுவான். "சோப்பு கொண்டு வரட்டுமா?" என்று சோலாஞ்ஜ் பாலத்திலிருந்து கத்துவாள்.

அந்த வருஷம் ஆன்செல்முக்கு முதுகு பிடித்துக்கொண்டது. எதிர்ப்படகில் நின்ற கறிக்கடை லெயோன்ஸ் தொந்தியைத் தடவியபடி நிமிர்ந்து பார்த்தான்.

"என்ன சோலாஞ்ஜ், புருஷன் வரல, வாய் மட்டும் வந்திருக்கு போல?"

"நான் வந்தா நீ தாங்க மாட்ட."

"வா பாப்போம்!"

பாலமே கைதட்டியது. ஆன்செல்ம் அவள் காதருகே குனிந்தான். "வேணாம். உனக்குத் தண்ணின்னாலே..."

"மெதுவா பேசு!" என்று பல்லைக் கடித்தபடி செருப்பைக் கழற்றினாள்.

பலகையில் ஏறிக் கழியை இறுகப் பிடித்தாள். லெயோன்ஸின் கழி நெருங்கியது. பயத்தில் அவளுக்குக் கை ஓடவில்லை, வாய்தான் ஓடியது.

"லெயோன்ஸ்! பின்னந்தலையில ஒரு கொத்து முடிய வெட்டாம விட்டுட்டேன், எல்லாரும் பாக்குறாங்க!"

அவன் கை தானாகப் பின்னந்தலைக்குப் போனது. அடுத்த நொடி அவள் கழி நெஞ்சில் இடிக்க, தண்ணீரில் கிடந்தான். அவன் கிளப்பிய அலையில் படகு ஆட, அவளும் தொபுக்கென்று விழுந்தாள்.

"சோலாஞ்ஜ்!" ஆன்செல்ம் முதுகுவலியை மறந்து கரையிலிருந்து குதித்தான். அவன் பாய்ந்து வந்து சேர்ந்தபோது அவள் இடுப்பளவு தண்ணீரில் எழுந்து நின்று, பாலத்து வளைவின் அடியில் வெளிச்சம் நெளிவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வா, கரையேறலாம்."

"இரு. எவ்வளவு சில்லுன்னு இருக்கு!"

நடுவர் ஜெயித்தவளாக அவள் பெயரைக் கூவிக்கொண்டிருந்தார். லெயோன்ஸ் கரையில் குந்தி மனைவியிடம் பின்னந்தலையைக் காட்டிக்கொண்டிருந்தான். சோலாஞ்ஜ் எதையும் கவனிக்கவில்லை. புருஷன் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, நீலத் தட்டான்பூச்சிகளை விலக்கியபடி, ஆலையருகே ஆறு திரும்பும் இடம் வரை தண்ணீருக்குள்ளேயே நடந்து போனாள்.